வீட்டுக்காரருக்குப் பரீட்சை வைத்த புரோக்கர்

வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற புரோக்கர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வீட்டை விடுகிறவரை உட்கார வைத்து, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, ‘படிச்சிட்டு வாங்க, அப்புறம் ஆளு கூட்டி வாரேன்’ என்று சொன்ன புரோக்கர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். காரைக்குடியில், என் மிக்சி ரிப்பேர் கடை வாசலில், ஒரு பக்கம் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருடைய ஆபீஸ்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சிலபஸ். டீக்கடையில் ‘சிலபஸ்ஸுக்கு ஒண்ணு’ என்றால் சீனி கம்மியாக டீ வந்துவிடும். ‘திரு. சிலபஸ் அவர்கள்’ என்று எழுதி வந்த கல்யாணப் பத்திரிகையையே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரும் கோபப்படாமல் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஆள் ஒல்லி. அவருடைய மொபெட் அவரைவிட ஒல்லி. முன்னால் மாட்டியிருக்கும் துணிப்பை மட்டும் இரண்டையும் சேர்த்துவைத்த கனம். பை முழுக்கப் புத்தகம். பை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். செக்காலைக்குக் கிளம்பியவர் கழனிவாசலில் போய் நின்று, வந்தது வந்தோம் என்று அங்கே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாளும் உண்டு.

அவர் தொழில் நடத்துகிற அழகைப் பார்க்கவே என் கடைக்குச் சிலர் நல்ல மிக்சியை எடுத்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்காரர் ஒருவர் வந்து நிற்பார்.

“மாடி காலியா இருக்கு சிலபஸ். நல்ல ஆளாப் பாத்துக் கூட்டி வாங்க.”

“நல்ல ஆளுன்னா?”

“அதாம்ப்பா, நம்ம ஆளுகளா.”

“நம்மன்னா யாரு? நீங்களும் நானுமா? நான் என்ன ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

சிலபஸ் என்ன ஆள் என்பது கடைசிவரை காரைக்குடிக்குத் தெரியாமலே போனது. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைக்கவில்லை, புத்தகம் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளுக்குள் பள்ளிக்கூடப் புத்தகம் தவிர்த்து வேறு புத்தகம் நுழைந்ததே இந்த வழியில்தான்.

கண்டதையும் கொடுத்துவிட மாட்டார். அதில் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில், அவமானப்பட்டவர்களே எழுதிய வாழ்க்கைக் கதை. அதை முடித்தால், இது ஏன் இப்படி ஆச்சு என்று சொல்கிற சரித்திரம். பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று சின்னதாக ஒன்று. தத்துவம் கடைசியில். ஏன் அது கடைசி என்று கேட்டேன்.

“தத்துவத்தை முதல்ல குடுத்துட்டா ஆளு ஊருக்குப் புத்தி சொல்லக் கிளம்பிருவான்ணே. கதையக் குடுத்தாத்தான் கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருப்பான்.”

பொம்பளைப் பிள்ளை தனியாக வந்தால் வீடு கிடையாது என்பவருக்குப் பெண்கள் எழுதியது. வடநாட்டுக் கூலியாட்கள் வேண்டாம் என்பவருக்கு, பிழைக்கப் போன இடத்தில் பட்டதை எழுதியவர்கள் புத்தகம். கால் ஊனமானவருக்கு மாடி எதற்கு என்று நக்கல் அடித்தவருக்கு, சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஒருவர் எழுதியது. வியாதியைச் சொன்னால் மருந்தை எடுத்து நீட்டுவார். எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகித அட்டை போட்டிருப்பார். பெயர் தெரிந்தால் படிக்கும் முன்பே கோபம் வந்துவிடுமாம்.

சுப்பிரமணியபுரத்தில் ஒருவர் ‘சைவம் மட்டும்’ என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தார். சிலபஸ் போன நேரம் உள்ளே அவர் மிளகுக்கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பஸ் ஸ்டாண்டுல இறங்குனப்பயே வாசம் வந்துச்சு. வழி கேக்காமலே வந்து சேந்துட்டேன். அப்புறம் இந்த போர்டு என்னத்துக்கு?”

“அது வந்து… குடி வர்றவுகளுக்கு.”

“உங்க கோழிய அவுக மோந்து பாக்கலாம், அவுக கோழிய நீங்க மோந்து பாக்கக் கூடாது. அப்படித்தானே?”

அவர் எச்சில் கையோடு நின்றார். சிலபஸ் புத்தகத்தைத் திண்டில் வைத்துவிட்டு, “கையக் கழுவிட்டு எடுங்க, எண்ணெய் பட்டா அட்டை போயிரும்” என்று சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் போர்டு காணாமல் போனது. படித்துவிட்டுக் கழற்றினாரா, சிலபஸ் திரும்ப வந்துவிடுவாரோ என்று பயந்து கழற்றினாரா என்பது தெரியாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் புத்தகத்தை மூன்றே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். சிலபஸ் முகம் மலர்ந்தது. பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மசி. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, காற்புள்ளிப் பிழை எல்லாம் திருத்தியிருந்தார்.

“சொல்லியிருக்கிற விசயம் எப்படிங்கய்யா இருக்கு?”

“விசயத்துக்கு அப்புறம் வருவோம். இவ்வளவு பிழை இருக்கையில விசயத்துக்கு எப்படிப்பா போக முடியும்?”

அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைச் சிலபஸ், காலேஜ் படித்த பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார். பிழை திருத்திய ஒரே பதிப்பு என்பார்.

கெட்டிக்காரர் ஒருவர் தான் படிக்காமல் மனைவியிடம் படிக்கச் சொல்லி, சுருக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கே போய் சிலபஸ் கேள்வி கேட்டார். கணவர் திணறினார். அடுக்களையில் இருந்து பதில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

“வீடு யாரு பேருலங்க இருக்கு?” என்று அடுக்களையைப் பார்த்துக் கேட்டார்.

“என் பேருலதான்.”

“அப்புறம் இவரை என்னத்துக்கு நான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க பாஸ்மா.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் குடிவர வேண்டும் என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்தார். வேறு சில விஷயங்களையும் அவரே முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டதாகக் கணவர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். மிக்சியை வாங்கி வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

இப்படித் தொழில் செய்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர்கள் மற்ற புரோக்கர்களிடம் ஓடினார்கள். தீபாவளிக்கு அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்ததெல்லாம் மற்ற புரோக்கர்கள்தான். “ஏன் சிலபஸ் இந்த வம்பு?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கேள்வி எப்பவும் வீடு இல்லாதவுகளுக்கே போய்க்கிட்டு இருக்குண்ணே. ஒரு நாளாச்சும் அங்குட்டுத் திரும்பட்டுமே.”

அப்படித் திரும்பிய கேள்வி அவரையே வந்து இடித்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன்.

கவிதா என்று ஒரு பெண். அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்திருந்தது. சிவகங்கைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் அப்பா மட்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினம் கட்டு மாற்ற வேண்டும். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஊருக்குப் பஸ் இல்லை. ஒரு நாள் சிலபஸ்ஸைத் தேடிக் கடைக்கு வந்தது.

“ஊருக்கெல்லாம் கட்டுப் போடுறேண்ணே. எங்க அப்பா காலுக்குக் கட்டுப் போட ஆளில்ல. இந்த மாசத்துக்குள்ள வீடு கிடைச்சா அவரைக் கூட்டியாந்துருவேன். இல்லைன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். கால எடுத்துட்டாகன்னா அப்புறம் சம்பளத்த வச்சு என்ன பண்ண?”

போனில் பேசும்போது எல்லா வீட்டுக்காரர்களும் ‘வாங்கம்மா’ என்பார்களாம். நேரில் போனதும் சொந்த ஊர் எது என்பார்கள். ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அப்பா என்ன வேலை என்பார்கள். சிவகங்கை முனிசிபாலிட்டியில் துப்புரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர் என்று கவிதா ஒளிக்காமல் சொல்லும். உடனே, அடடா, காலையில்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள்.

“இந்த ஊருல தினம் காலையில வந்து அட்வான்ஸ் குடுக்குறாரே, அவரு யாருண்ணே? எல்லா வீட்டையும் அவரே பிடிச்சிட்டாரு” என்றது கவிதா. நான் சிரித்துவிட்டேன். சிலபஸ் சிரிக்கவில்லை. பையைத் தூக்கி மொபெட்டில் மாட்டினார்.

அலைந்து திரிந்து ஒரு வீட்டைப் பிடித்தார். பழைய காலத்துப் பெரிய வீடு. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முன்பக்கத்தில் அந்த வீட்டில் பிறந்த ஆச்சி ஒருவர் மட்டும் இருந்தார். அறுபது வயசிருக்கும், மூச்சிழுப்பு நோய்க்காரர். பின்னால், முற்றம் தாண்டி இருக்கிற இரண்டாம் கட்டில் இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் சும்மா கிடந்தன.

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஆனா இது எட்டுப் புள்ளி வீடு. பங்காளிக சம்மதிக்கணுமே” என்றார் ஆச்சி.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இந்த வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பமும் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் வீட்டில் பங்கு. ஒரு ஆணி அடிப்பதென்றாலும் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர்களோ கோயம்புத்தூரில் ஒருவர், சென்னையில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். வேறு புரோக்கராக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பார். சிலபஸ்ஸுக்கு முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

“அண்ணே, ஒரே வீட்டுக்கு எட்டுப் பேரு பரீட்சை எழுதுறாக.”

வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்தார். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு அனுப்ப முடியாது என்பதால், தினம் ஓர் அத்தியாயத்தைத் தானே வாசித்துக் குரல் பதிவாகப் போட்டார். படித்து வேலைக்குப் போன பிறகும் ஊர் ஊராக வாடகை வீடு கேட்டு அலைந்த ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதை அது. வாசித்தது என் கடை வாசலில். சிங்கப்பூர் பங்காளி, ‘நாலாவது அத்தியாயத்துல அந்த ஆளு சொன்ன பதிலு மிக்சி சத்தத்துல கேக்கலை, திரும்ப போடவும்’ என்று எழுதினார். அப்புறம் சிலபஸ் வாசிக்கும்போது நான் மிக்சியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கடை என்னுடையது என்பதை அவருக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

சென்னைக்காரர் ஒருவர் தினம் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் போடுவார். ‘பூ நல்லா இருக்கு, அஞ்சாம் அத்தியாயம் கேட்டீகளா’ என்று சிலபஸ் பதில் போடுவார். கோயம்புத்தூரில் இருந்த மூத்த பங்காளி, வாடகைக்கு விடுவதற்குக் கதாகாலட்சேபம் எதற்கு என்று திட்டிவிட்டுக் குரூப்பில் இருந்து வெளியேறினார். இரண்டு நாளில், ‘அந்த ஆளுக்கு வீடு கிடைச்சுச்சா இல்லையா’ என்று கேட்டுக்கொண்டு திரும்ப வந்தார்.

அப்புறம் குரூப்பில், புனேயில் இருந்த ஒரு பங்காளி வீட்டு மருமகள் எழுதினாள். அங்கே தனக்கும் இரண்டு இடத்தில் வீடு மறுத்தார்களாம். மதராசிகள் வீட்டில் கறி நாற்றம் வரும் என்றார்களாம். ‘சமையலுக்குப் பேர் வாங்குன ஊர்ல பிறந்துட்டு, கோழி சமைக்க மாட்டேன்னு பொய்ச் சத்தியம் பண்ணித்தான் வீடு வாங்குனேன் மாமா’ என்று போட்டாள். அன்று முழுக்க யாரும் பூப்படம் போடவில்லை. மறுநாள் ஒவ்வொருவராக, எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுத ஆரம்பித்தார்கள். கடைசியாக மூத்தவரும் எழுதினார். சம்மதம். ஆனால் முன்பக்கத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் இடையில் இருக்கிற நடுக்கதவைப் பூட்டிவிட்டு, அவர்கள் பின்வாசல் வழியாக மட்டும் போய்வரட்டும். மற்றவர்கள் அதற்கும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

சிலபஸ் துள்ளிக் குதிக்காத குறை. கவிதாவை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார்.

“முப்பத்தஞ்சு எடுத்தாலும் பாஸ் பாஸ்தாம்மா. மத்தத அடுத்த வருசம் பாத்துக்கிருவோம். இன்னும் புத்தகம் இருக்கு.”

கவிதா டூட்டி முடித்து அப்படியே வந்திருந்தது. கண்ணெல்லாம் சிவப்பு.

“நீங்க பாஸ் போடுங்கண்ணே. நான் போட மாட்டேன். எங்க அப்பா வேலை பாத்த காலம் பூராவும் எல்லா வீட்டுக்கும் பின்னாடி சந்து வழியாத்தான் போனாரு. ரிட்டயர்டு ஆகியும் பின்வாசலா? அவுக நிதானமாத் திருந்தட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. அதுக்கு எங்க அப்பாவ வச்சா பாடம் நடத்துவீக? நான் ஒங்க பாடப் புத்தகம் இல்லண்ணே. எனக்கு வீடு வேணும்.”

சொல்லிவிட்டுக் கவிதா போய்விட்டது. மாசம் முடிய இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. வேலையை விட்டுப் போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எதற்கும் ஒரு புத்தகம் வைத்திருந்த மனுஷன் பையைத் திறக்கவே இல்லை. அப்புறம் போனை எடுத்துக் குரூப்பில் பேசினார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

“பின்வாசல்னா வீடு வேண்டாம்னு அந்தப் பிள்ளை சொல்லுது. அது சரிதான். நான்தான் அவசரப்பட்டுச் சந்தோசப்பட்டேன். இதுக்கு எங்கிட்டப் புத்தகம் இல்ல.”

சொல்லிவிட்டுத் தான் ஆரம்பித்த குரூப்பில் இருந்து தானே வெளியேறினார்.

ஆச்சியிடம் இருந்தது பட்டன் போன். குரூப்பும் கிடையாது, குரல் பதிவும் கிடையாது. அவர் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கேட்டதில்லை. புனே மருமகள்தான் அவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் ஆள் அனுப்பி சிலபஸ்ஸை வரச் சொன்னார். சிலபஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தனியாகத் திட்டு வாங்கப் பயம்.

ஆச்சி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கோயம்புத்தூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“அண்ணே, வாசல் விசயம்.”

“அதான் பேசி முடிச்சாச்சே.”

“நீங்க பேசி முடிச்சீக. இங்க இருக்கிறது நானு. நடுக்கதவப் பூட்டச் சொல்றீகளாம். வீட்டுக்குள்ளயே ஒரு நர்ஸ் வருது. எனக்கு இழுப்பு வந்தா நான் சாவியத் தேடவா, மூச்சத் தேடவா?”

“அதுக்கில்ல… ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா வந்து எனக்கு நெஞ்சத் தடவி விடுது? நீங்க வருசத்துக்கு ஒருக்கா படைப்புச் சாமி கும்பிட வாரீக. வந்தா ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளைக்கு உங்களுக்கு எந்த வாசல் தோதுப்படுதோ அதுல வாங்க. மத்த நாளைக்கு இந்த வீட்டுல இருக்கிற எல்லாரும் முகப்பு வழியாத்தான்.”

“நீ சொன்னாச் சரி” என்று கோயம்புத்தூரில் இருந்து குரல் வந்தது. ஆச்சி போனை வைத்துவிட்டு எங்களுக்கு மோர் கொண்டுவரப் போனார்.

சிலபஸ் என் காதில், “ஆச்சி ஒரு பக்கம்கூடப் படிக்கலையேண்ணே” என்றார். ஏமாந்த பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம். கிளம்பும்போது மனசு கேட்காமல் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

“வச்சிட்டுப் போங்க. கண்ணு ஆபரேசன் முடியட்டும், பாப்போம்” என்றார் ஆச்சி.

சாயங்காலம் கவிதா வந்து வீட்டைப் பார்த்தது. ஆச்சி முதலிலேயே சொல்லிவிட்டார்: “நான் உனக்காகப் பேசல ஆத்தா. எனக்காகத்தான் பேசுனேன்.”

“அப்பச் சரி ஆச்சி. இரக்கப்பட்டுக் குடுத்தாத்தான் எனக்குப் பயம்” என்றது கவிதா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் வந்தது. கவிதா பாத்திர மூட்டையோடு உள்ளே போய்விட்டது. வேனின் முன்சீட்டில் இருந்து அப்பா மெதுவாக இறங்கினார். காலில் பெரிய கட்டு. தெருவிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பெரிய முகப்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, சிலபஸ்ஸிடம் கேட்டார்: “பின்னாடி எங்குட்டுய்யா சுத்திப் போகணும்?”

பக்கத்துச் சந்துப் பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அவராகவே கேட்டார்.

இந்த இடத்தில் சிலபஸ் ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும். பெரியவர் கையிலிருந்த செருப்பை வாங்கினார். “இங்குட்டு வாங்கய்யா” என்று மட்டும் சொல்லித் தோளோடு பிடித்துக்கொண்டார். கல்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினார்கள். முகப்பில் ஆச்சியின் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் குனிந்து அந்தச் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தார் சிலபஸ். இருவரும் உள்ளே போனார்கள்.

திரும்பும்போது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டேன்.

“பெரியவரு ஒவ்வொரு படியிலயும் நின்னு அந்தச் சந்துப் பக்கமே திரும்பிப் பாத்தாருண்ணே” என்றார். கொஞ்ச தூரம் போய், “கடைசிப் படி ஏறுற வரைக்கும் பாத்தாரு” என்றார்.

கவிதாவின் அப்பாவுக்குக் கால் தப்பியது. ஆச்சிக்கும் அவருக்கும் மத்தியானத்தில் எந்த சீரியல் பார்ப்பது என்று சண்டை நடக்கிற அளவுக்கு உடம்பு தேறியது. சிலபஸ் பரீட்சை வைப்பதை விடவில்லை. ஆனால் அதற்கப்புறம் குடிவருகிறவரைத்தான் முதலில் கூப்பிட்டு, இது உங்களுக்குத் தோதுப்படுமா, பரீட்சை முடிய இத்தனை நாள் ஆகுமே, அதுவரைக்கும் தாங்குவீகளா என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்காரரிடம் போவார். போன ஆடியில், ரொம்பப் பேருக்குச் சிரமம் வைக்காமல், தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது நானும் வீட்டுக்காரன் ஆகிவிட்டேன். கடைக்கு மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறேன். கட்டி முடித்து, வெள்ளையடித்து, மூன்று மாதமாகக் காலியாகக் கிடக்கிறது. வேறு புரோக்கரிடம் சொல்ல மனசு வரவில்லை.